தம்பியின் நோயும் என் திருமணமும்: யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 19 வயது. ஐந்து வயதில் அடிக்கடி விழத் தொடங்கிய தம்பிக்குக் கெண்டைக்கால் பருத்துக்கொண்டே வந்தது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. ஆறு வயதில் இரத்தப் பரிசோதனையும் தசைத் துணுக்குப் பரிசோதனையும் செய்து, டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கூறினார்கள். பதினோரு வயதிலிருந்து சக்கர நாற்காலி. இப்போது தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறார். தாய்மாமா ஒருவரும் 17 வயதில் இறந்திருக்கிறார். அவருக்கு வந்தது இளம்பிள்ளை வாதம் என்றே ஊரில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். "சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி" என்று ஊராரும், "இவள் வயிற்றின் கோளாறு" என்று அப்பத்தாவும் சொல்லக் கேட்டு அம்மா பல ஆண்டுகளாகத் திருமணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. இந்தச் சூழலில் கடிதம் எழுதியவருக்கு அசலில் ஒரு வரன் அமைந்து, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. தம்பி சிறுவயதில் விபத்தில் அடிபட்டதாகச் சொல்லிவிடலாம் என்கிறார் அப்பா. இந்த வரன் தட்டிப்போனால் அத்தை மகனுக்கே கொடுத்துவிடலாம், சொந்தத்தில் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதும் அவர் எண்ணம். உள்ளூரில், தசைப் பாதிப்பைக் காட்டும் நொதியின் அளவைப் பார்க்கும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனை செய்ததில் அளவு சரியாக இருந்ததால், "உனக்கு ஒன்றும் இல்லை" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மனம் ஆறாமல் இவர் கேட்கும் முக்கியக் கேள்விகள் நான்கு: நான் கேரியரா (பழுதான மரபணுவைச் சுமந்து, பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவளா)? மாப்பிள்ளையிடம் சொல்லியே ஆக வேண்டுமா? பெண் குழந்தை மட்டும் பெற்றுக்கொள்ள வழி உண்டா? தம்பியைப் போன்ற குழந்தை வேண்டாம் என்று நினைப்பது தம்பியையே வேண்டாம் என்று சொல்வதாகிவிடாதா? கடிதத்தின் இறுதியில், பேச்சுவாக்கில் வருவதுபோல ஒரு வரி: "சித்தியோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை, சித்தி மகள் நான்கு மாதக் கர்ப்பமாக இருக்கிறாளாம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் தாய்மாமாவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய் என்றால், இந்த மரபணு மாற்றம் உங்கள் அம்மாச்சி வழியாக வந்திருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் சித்தி கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பும், அவர் மகள் கேரியராக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பும் உண்டு. அவர் வயிற்றிலுள்ள குழந்தை இந்த நோயுள்ள ஆணாக இருக்கக்கூடிய வாய்ப்பு 16இல் ஒன்று. 16இல் 15 பங்கு நல்லபடியாகவே இருக்கும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆனாலும், பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. நான்காம் மாதம் கடந்துகொண்டிருப்பதால் அதற்கான காலம் குறைந்துகொண்டே வருகிறது. குடும்ப மனத்தாங்கல் எதுவானாலும், இந்தச் செய்தி இந்த வாரமே அவரை எட்ட வேண்டும். அம்மாவுக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் நீங்களே பேசலாம். "தம்பிக்கு இருப்பது குடும்பத்தில் வரக்கூடிய நோய், உன் மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசகரை உடனே பார்" என்று சொன்னால் போதும். விளக்கமெல்லாம் ஆலோசகர் தருவார்.

இது யாருடைய தவறு?

டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் தசை இழைகள் சுருங்கி விரியும்போது அவை கிழிந்துவிடாமல் காக்கிறது. அதை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றுள் அது ஒன்று என்பதால், அதில் புதிய மாற்றங்கள் நேர்வதும் அதிகம். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ்தான். அதுவும் தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஆகவே உங்கள் தம்பியின் நோயில் அப்பாவின் வழிக்குப் பங்கு இல்லை. அம்மாவும் அப்பாவும் உறவினர்களா, முன்பின் தெரியாதவர்களா என்பது இங்கே எதையும் மாற்றியிருக்காது. உங்கள் அம்மா வேறு ஊரில், வேறு குலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் இதே வாய்ப்பு இதே அளவில் இருந்திருக்கும்.

இப்படிச் சொன்னவுடன் பழி சொந்தத்திலிருந்து விலகி முழுவதுமாக அம்மாவின் தலையில் வந்து விழுந்துவிடக்கூடும் என்பதை அறிவேன். தாய்வழி நோய் என்று கேட்டவுடன் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் இருக்கின்றன. எனவே இதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணு மாற்றங்கள் சில பத்துகள் இருக்கும். உங்கள் அப்பத்தாவிடமும் இருந்தன, என்னிடமும் இருக்கின்றன. அவற்றில் எது எங்கே விழும் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. டுஷேன் நோயுள்ள சிறுவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தாய் கேரியராகவே இருப்பதில்லை. மாற்றம் அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியிருக்கும். உங்கள் அம்மா தனக்கே தெரியாமல் சுமந்து வந்த ஒன்றுக்காக இத்தனை ஆண்டுகள் விசேஷ வீடுகளைத் தவிர்த்து வந்திருக்கிறார். அதை ஒருவர் அவரிடமும், அவர் முன்னிலையில் உங்கள் அப்பத்தாவிடமும் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு வரும்போது அப்பத்தாவையும் அழைத்து வாருங்கள் என்று பல குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வதுண்டு. மருத்துவமனையில் உட்கார்ந்து கேட்ட சொல்லுக்கு வீட்டில் தனி மதிப்பு உண்டு.

தாய்மாமாவைப் பற்றியும் அம்மாச்சியிடம் ஒன்று கேட்டு வையுங்கள். காய்ச்சல் கண்டு, சில நாட்களுக்குள் கால் விழுந்து, அதன்பின் அப்படியே நின்றதா? அல்லது நன்றாக ஓடியாடிய பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நடை போனதா? முன்னது இளம்பிள்ளை வாதத்தின் இயல்பு, பின்னது தசைச்சிதைவின் இயல்பு. இந்த ஒரு பதில் உங்கள் கணக்கையே மாற்றும். இரண்டாவதுதான் என்றால் அம்மா கேரியர் என்பது உறுதி, உங்களுக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. அது உண்மையிலேயே இளம்பிள்ளை வாதம் என்றால், அம்மா கேரியராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, உங்களுடையது மூன்றில் ஒன்று; அப்போது நான் முதலில் சொன்ன 16இல் ஒன்று என்ற கணக்கும் வெகுவாகக் குறைந்துவிடும்.

சோதனையை யாரிடமிருந்து தொடங்குவது?

சி.பி.கே. சரியாக இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்ற முடிவை ஏற்க முடியாது. கேரியர் பெண்களில் கணிசமானோருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கும். அது உங்கள் வாய்ப்பை ஓரளவு குறைக்கிறது, இல்லாமல் ஆக்கிவிடவில்லை. இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் எச்சில் சோதனைகளையும் இதற்கு நம்ப வேண்டாம். டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் பெரும்பாலும் நேர்வது ஒரு பகுதியே விடுபட்டுப்போவது அல்லது இரட்டிப்பது. அதைக் கண்டறிய எம்.எல்.பி.ஏ. என்ற தனிச் சோதனை வேண்டும். அதில் எதுவும் தென்படாவிட்டால் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பார்கள்.

சோதனை தம்பியிடமிருந்து தொடங்க வேண்டும். அவரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், "அந்த மாற்றம் உங்களிடம் இல்லை" என்று உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். சித்தி மகளுக்கும் அதுவேதான் திறவுகோல். ஆனால் உங்கள் தம்பி 19 வயது நிறைந்தவர். வேறு ஏதோ பரிசோதனை என்று சொல்லி அவரிடம் இரத்தம் எடுத்துவிடலாம் என்று அப்பா யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யக்கூடாது, நேர்மையான எந்த மரபணு மையமும் அதற்கு உடன்படாது. அவருடைய உடலைப் பற்றிய செய்தி அது, அவருடைய ஒப்புதல் வேண்டும். அவரோடு உட்கார்ந்து, எதற்காக இந்தச் சோதனை, இதன் முடிவு அக்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் எப்படிப் பயன்படும் என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் இந்த நோயுள்ள இளைஞர்கள் குடும்பம் நினைப்பதைவிட மிக அதிகமாகத் தங்கள் நோயை அறிந்திருக்கிறார்கள். மறைத்துச் செய்வதுதான் அவர்களைக் காயப்படுத்துகிறது. மேலும், புதிய மருந்துகளில் சில, குறிப்பிட்ட வகை மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்துவன என்பதால், இந்த அறிக்கை தம்பிக்கே பயன்படக்கூடியது.

உங்கள் 15 வயதுத் தங்கைக்கும் சேர்த்துச் சோதித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கேரியர் என்று இப்போது தெரிவதால் அவருடைய சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை 18 வயதுக்குப் பின் அவரே முடிவு செய்யட்டும். குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே அவருக்குப் புரியும்படி சொல்லி வையுங்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. கோவையில் தசைச்சிதைவு நோய்க்கென்றே சோதனை, ஆலோசனை, பராமரிப்பு ஆகியவற்றை வழங்கும் மையம் ஒன்றும் செயல்படுகிறது. உங்கள் ஊரிலிருந்து எது வசதியோ அங்கே செல்லலாம். தம்பியின் பழைய தசைச் சோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்வது

திருமணத்துக்கு முன் மரபணுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்றோ, அறிக்கையை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்கள் அறிக்கை உங்களுடையது. உங்கள் ஒப்புதலின்றி அதை உங்கள் அப்பாவிடம்கூட, மரபணு ஆலோசனை தரும் நாங்கள் தருவதில்லை. அதே வேளையில், இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றி ஒருவரின் சம்மதம் பெறப்பட்டிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையை அவருக்குத் தருகிறது. கேரியராக இருப்பது நோய் அல்ல என்பதால் நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும் என்பது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது. ஆனால் தம்பிக்கு விபத்து என்று இட்டுக்கட்டிச் சொல்வது, வெறுமனே பேசாமல் இருப்பதைவிட உங்களை மோசமான இடத்தில் நிறுத்தும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு என் கருத்தைக் கேட்டால், நிச்சயதார்த்தத்துக்கு முன் அந்த இளைஞரிடம் சொல்லிவிடுங்கள் என்பேன். பிறக்கப்போகும் குழந்தை அவருக்கும் குழந்தை. கருவுற்ற பிறகு பரிசோதனையா, வேண்டாமா என்ற முடிவு வரும்போது நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும். அன்றுதான் அவர் முதன்முதலாக இதைக் கேள்விப்பட்டால், நோயைப் பற்றிய அதிர்ச்சியோடு ஏமாற்றப்பட்டோம் என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் அம்மா பட்ட பழிச்சொற்களில் பாதி, முன்கூட்டியே தெரியாமல் போனதால் வந்தவை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அவரிடம் சொல்வதும், தரகரிடமும் இரு வீட்டு உறவினர்களிடமும் சொல்வதும் ஒன்றல்ல. அவருக்குத் தெரிய வேண்டிய உரிமை இருக்கிறது. அவருடைய பெரியப்பாவுக்கு இல்லை. முடிந்தால் முதலில் நீங்கள் ஆலோசகரைப் பார்த்துத் தெளிவு பெறுங்கள், பிறகு நீங்களே அவரிடம் நேரில் பேசுங்கள், அவர் விரும்பினால் இருவருமாக மீண்டும் ஆலோசகரிடம் வாருங்கள். சோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், நிச்சயதார்த்தத்தை ஒரு மாதம் தள்ளிவைப்பதில் தவறில்லை. முடிவு "இல்லை" என்றே வரவும் குறைந்தது சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. அவர் விலகிப்போனால் வலிக்கும், அதை நான் மறுக்கவில்லை. கேட்டுவிட்டு உடன் நிற்பவர்தான் உங்களுக்கு வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

அத்தை மகன் யோசனையைப் பற்றி: டுஷேன் நோயைப் பொறுத்தவரை, நீங்கள் யாரை மணந்தாலும் வாய்ப்பு ஒன்றே. சொந்தத்தில் கட்டுவதால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் தாலசீமியா என்ற இரத்த நோய், பிறவிச் செவித்திறன் குறைபாட்டில் சில வகைகள் போன்றவற்றுக்கு வாய்ப்பு கூடும். உங்கள் பெற்றோரே உறவினர்கள் என்பதால், அத்தை மகனுக்கும் உங்களுக்கும் அப்பா வழியிலும் அம்மா வழியிலுமாக இரட்டை உறவு இருக்கிறது. வழக்கமான அத்தை மகன், மாமன் மகள் உறவைவிட இது நெருக்கமானது. ஒரு சிக்கலிலிருந்து தப்பிக்க நினைத்து இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது.

பெண் குழந்தை மட்டும் பெற்றுக்கொள்வது

நீங்கள் கேரியர் என்றே தெரியவந்தாலும், பிறக்கும் ஆண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோயில்லாதிருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆண் என்றாலே நோய் என்று நீங்கள் நினைத்திருப்பது சரியல்ல. பெண் குழந்தைகளில் பாதிப் பேர் உங்களைப் போலவே கேரியராகலாம். இதே கேள்வி அடுத்த தலைமுறையிலும் எழும். ஆகவே பாலினத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உங்கள் நோக்கத்துக்கே உதவாது. சட்டமும் இடம் தராது. கருவின் பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கருவுறுவதற்கு முன்னும் பின்னும் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கிறது. கருவின் பாலினத்தை உங்களுக்குத் தெரிவிப்பதும் குற்றம். ஆனால் பாலினத்தோடு பிணைந்த மரபணு நோய்களுக்காகக் கருவைச் சோதிப்பதை அதே சட்டம், பதிவு பெற்ற மையங்களில், உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு அனுமதிக்கிறது. பார்க்க வேண்டியது அந்த மாற்றம் கருவுக்கு வந்திருக்கிறதா என்பதைத்தான்.

அதற்கு, கருவுற்ற 11 முதல் 14 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து சிறு துணுக்கு எடுக்கலாம், அல்லது 16 வாரங்களை ஒட்டிப் பனிக்குட நீரை எடுக்கலாம். இரண்டிலும் கருச்சிதைவுக்குச் சிறிய அபாயம் உண்டு. நோய் இருப்பதாகத் தெரிந்தால், 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் கர்ப்பத்தை நிறுத்தலாம். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் அதற்குப் பின்னும் வழி உண்டு. நிறுத்தியே ஆக வேண்டும் என்று எவரும் உங்களை வற்புறுத்த முடியாது. கணவரின் சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. சோதனைக் குழாய் முறையில் கருவை உருவாக்கி, மாற்றம் இல்லாத கருவைக் கருப்பையில் வைப்பதும் சாத்தியம். அது செலவு மிக்கது, ஒவ்வொரு முறையும் வெற்றி தருவதில்லை. தத்தெடுக்கலாம். எந்தச் சோதனையும் செய்யாமல் குழந்தை பெறுவதும் உங்கள் உரிமைக்குட்பட்டதே.

தம்பியை முன்வைத்து நீங்கள் கேட்டது

உங்கள் கடிதத்தில் நான் பலமுறை திரும்பப் படித்தது இந்தக் கேள்வியைத்தான். அந்தச் சஞ்சலம் தேவையற்றது என்று சொல்லித் தட்டிக்கழிக்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுபவர்கள் இதே கேள்வியை உலகெங்கும் எழுப்பிவருகிறார்கள். ஒரு நோயுள்ள கருக்களையெல்லாம் தவிர்த்துக்கொண்டே போனால், அந்த நோயோடு வாழ்பவர்களைச் சமூகம் எப்படிப் பார்க்கும், அவர்களுக்குச் சாய்தளமும் சிகிச்சையும் தர அக்கறை மிஞ்சுமா என்ற அவர்களின் அச்சம் நியாயமானது.

இருப்பினும், இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு இந்த நோய் வேண்டாம் என்று நினைப்பதும், பிறந்து, வளர்ந்து, உங்களோடு சண்டையிட்டுப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை வேண்டாம் என்பதும் வெவ்வேறு. தம்பியை நீங்கள் தூக்கியும் குளிப்பாட்டியும் வளர்த்ததால்தான், பராமரிப்பின் பாரம் எவ்வளவு என்றும் அவர் படும் வலி எவ்வளவு என்றும் உங்களுக்குத் தெரிகிறது. அந்த அறிவோடு எடுக்கும் முடிவு எதுவானாலும் அதில் அவமதிப்பு இல்லை. இதே நிலையில் பரிசோதித்து முடிவெடுத்த சகோதரிகளும் உண்டு, "என் தம்பி இருக்கிறானே, எனக்குச் சோதனை வேண்டாம்" என்று சொன்னவர்களும் உண்டு. இரு தரப்பினரும் தங்கள் தம்பிகளை நேசித்தவர்களே. விரும்பினால் தம்பியோடு இதைப் பேசுங்கள், ஆனால் அவரிடம் அனுமதி கேட்பதுபோல வேண்டாம். அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது நியாயமல்ல.

காப்பீடும் இதயமும்

மரபணு முடிவு வந்தால் மருத்துவக் காப்பீடு மறுக்கப்படுமோ என்று கேட்டிருந்தீர்கள். புதிய மருத்துவக் காப்பீடுகளில் மரபணுக் கோளாறுகளை விலக்குப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோல மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை என்பதால், சோதனைக்கு முன்பே குடும்பக் காப்பீடு ஒன்றை எடுத்து வைப்பது நல்லது. படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையையே எழுதுங்கள்.

இறுதியாக, எவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்று. கேரியர் பெண்கள் சிலருக்கு நடுவயதில் இதயத் தசை பலவீனமடையலாம். தொடக்கத்தில் அறிகுறி இருக்காது. உங்கள் அம்மாவுக்கு இதுவரை எக்கோ பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள். தம்பியை இதய மருத்துவரிடம் ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும்போது அம்மாவுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், இயல்பாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். உங்கள் சோதனை முடிவு "ஆம்" என்று வந்தால், கருவுறுவதற்கு முன்பே உங்களுக்கும் அது தேவை.